அம்பாரத்துக்குப் பின்னால் இருந்த துணிக்கம்பு

புதிதாக மேஸ்திரி வேலைக்கு வந்திருக்கும் பிள்ளைகளுக்கு,

நான் வேலையை விட்டு நின்ற அன்று நீங்கள் எல்லோரும் சேர்ந்து எனக்குச் சால்வை போர்த்தினீர்கள். உங்களில் ஒருவர் எழுந்து, ஜனங்கள் மேல் அக்கறை வைத்துத் துணிக்கம்பை மாற்றி நட்டவர் இந்த மேஸ்திரிதான் என்று பேசினார். எல்லோரும் கை தட்டினீர்கள். நான் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். அதை அடக்கம் என்று நினைத்திருப்பீர்கள். அது அடக்கம் இல்லை.

அப்புறம் அனுபவத்தை எழுதிக் கொடுங்கள் என்று கேட்டீர்கள். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். பாத்தி மிதிப்பது, தண்ணீர் ஏற்றுவது, எந்தப் பதத்தில் உப்பை வாருவது, இதெல்லாம் வேலை செய்யச் செய்ய உங்களுக்கே வந்துவிடும். அதை நான் எழுதப் போவதில்லை. எழுத உட்கார்ந்தால் அந்தக் கம்பைத் தவிர வேறு எதுவும் எனக்கு ஞாபகத்தில் நிற்கவில்லை. உங்களில் ஒருத்தி என் சொந்த மகள் தேவகி. அவளும் படிப்பாள் என்பதால் மூன்று தரம் எழுதிக் கிழித்துவிட்டு, இது நாலாவது தரம்.

துணிக்கம்பு எதற்கு என்று உங்களுக்குத் தெரியும். வெளியாள் யாராவது படித்தாலும் புரியட்டும் என்று சொல்கிறேன். நம் மரக்காணம் உப்பளத்தில் காலை ஐந்து மணிக்கெல்லாம் பாத்தியில் இறங்கிவிடுவோம். ஆண்கள் நீளக் கழியில் கட்டிய பலகையால் உப்பை வாரி வரப்போரம் சேர்ப்பார்கள். பெண்கள் அதைக் கூடையில் அள்ளித் தலையில் சுமந்துபோய் அம்பாரமாகக் குவிப்பார்கள். வேலை எப்போது முடியும் என்று யாரும் மணி பார்த்துச் சொல்வதில்லை. வரப்பில் ஒரு கம்பு, நுனியில் ஒரு பழைய துணி. விடியற்காலையில் மேற்கிலிருந்து தரைக்காற்று வீசும், துணி கடல் பக்கம் ஆடும். வெயில் ஏறியதும் அந்தக் காற்று அடங்கித் துணி தொங்கிப்போகும். பிறகு கடல்காற்று கிளம்பி வந்ததும் துணி மேற்கே திரும்பும். திரும்பின உடனே மேஸ்திரி "கரை ஏறு" என்று குரல் கொடுப்பார். அவ்வளவுதான், அன்றைய வேலை முடிந்தது.

எனக்கு முன்னால் இருந்த மேஸ்திரி ஏற்படுத்திய வழக்கம் இது. கடல்காற்று வந்தால் பாத்தித் தண்ணீர் அலையடிக்கும், வாருகிற உப்பில் சேறு கலக்கும், அதனால் நிறுத்திவிட வேண்டும் என்று அவர் காரணம் சொன்னார். நான் அப்படியே வாங்கி மனதில் வைத்துக்கொண்டேன். அவர் காலத்தில் காற்று பத்தரைக்கும் பதினொன்றுக்கும் நடுவில் வந்துவிடும். புதுச்சேரி பஸ் தாமதமானாலும் அது தாமதமாகாது.

2004 கடைசியில் கடல் ஏறி வந்ததைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். நான் சொல்ல வருவது சத்தம் போடாமல் வந்த ஒன்றை. அதை ஒட்டிய இரண்டு மூன்று கோடைகளில் கடல்காற்று நேரம் தள்ளி வர ஆரம்பித்தது. பதினொன்றரை ஆனது, பன்னிரண்டு ஆனது, கத்திரி வெயில் நாட்களில் ஒரு மணியும் ஆனது. ராத்திரியிலும் சூடு இறங்கவில்லை. விடியற்காலையில் கால் வைக்கும்போதே பாத்தித் தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது. கழுவெளி ஏரிப் பக்கம் தண்ணீர் சீக்கிரமே வற்றி, சேற்றோரம் மீன்குஞ்சுகள் வயிற்றைக் காட்டிக்கொண்டு கிடந்தன. உப்பளத்தோரம் குடிக்கப் பிடிக்கும் அடிபம்புத் தண்ணீர் கரிக்கத் தொடங்கியது.

இதில் எதையும் நாங்கள் கெட்ட சகுனமாக எடுத்துக்கொள்ளவில்லை. ஐந்து நாளில் இறுகுகிற உப்பு நாலு நாளில் இறுகியது. வெயிலைத் திட்டாத தொழில் இந்த உலகத்தில் எங்களுடையது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். வானூர்ப் பக்கத்துச் சொந்தக்காரர்கள் வீட்டுக்கு வந்து, கிணறு வற்றிவிட்டது, மணிலாக்கொட்டை காய்ந்துவிட்டது என்று சொன்னபோது, ஆமாம் பாவம் என்று சொல்லிவிட்டு மனதுக்குள் சந்தோஷப்பட்டிருக்கிறேன். பூமி சூடாகிக்கொண்டு வருகிறது என்ற பேச்சு அப்போது எங்கள் காதுக்கு வரவில்லை. வந்திருந்தாலும், ஆகட்டுமே, நமக்கு நல்லதுதானே என்றுதான் சொல்லியிருப்பேன். இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது. ஆனால் அதுதான் அன்றைய நான்.

2005 ஐப்பசி, கார்த்திகையில் மழை நிற்கவே இல்லை. உப்பளம் மொத்தமும் ஒரே ஏரி மாதிரி ஆகிவிட்டது. கடல் பக்கத்து வரப்பு உடைந்து, அதன் மேல் நின்ற பழைய துணிக்கம்பையும் தண்ணீர் கொண்டுபோய்விட்டது. தை பிறந்து மாசி வந்தும் பாத்திகளில் சேறு இருந்ததால் அந்த வருஷம் வாருவது மிகவும் பிந்தியே தொடங்கியது. முதலாளிக்குப் பதற்றம். இருக்கிற கொஞ்ச நாளில் முடிந்தவரை எடுத்துவிட வேண்டும், துணி திரும்பாமல் ஒருத்தரும் கரை ஏறக் கூடாது என்று போனில் சொல்லிக்கொண்டே இருந்தார். அவர் இருந்தது சென்னையில். துணியைப் பார்க்கிறவன் நான்.

புதுக் கம்பை நான் லாரிப் பாதை ஓரம் நட்டேன். ஆள் உயரத்துச் சவுக்குக் கம்பு. உப்பு அம்பாரமும் அங்கேதான் போடுவோம், லாரியில் ஏற்ற வசதியாக. கம்புக்கும் கடலுக்கும் நடுவில் அம்பாரம். நட்ட அன்று அம்பாரம் முழங்கால் உயரம்தான் இருந்தது. அன்றைக்கு எனக்குக் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை, அது சத்தியம். சித்திரை முடியும்போது அம்பாரம் ஆள் உயரத்தைத் தாண்டி, மதில் மாதிரி நீண்டுவிட்டது.

இனி அஞ்சலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவளுக்கு அப்போது முப்பத்தைந்து வயது இருக்கும். புருஷன் ஏழுமலை பக்கத்து உப்பளத்தில் வாருகிறவன். இரண்டு பிள்ளைகள். அவள் அம்மாவும் இதே உப்பளத்தில் சுமந்தவள்தான். அஞ்சலை வேகமாக நடப்பாள், அதைவிட வேகமாகப் பேசுவாள். என்னைக் கேலி செய்கிற தைரியம் அவள் ஒருத்திக்குத்தான் உண்டு. நான் வரப்பில் குடை பிடித்து நின்றால், மேஸ்திரி வீட்டில் இன்றைக்கு மழையா என்று கேட்டுவிட்டுப் போவாள். அவள் பேச்சில் மற்றவர்களுக்குக் கூடை கொஞ்சம் லேசாகும். அது எனக்கும் தெரியும், எனக்கும் அவள் பேச்சு பிடிக்கும்.

இன்னொரு விஷயமும் எனக்குத் தெரியும். தெரியாது என்று எழுத ஆசையாக இருக்கிறது. பெண்கள் வேலை முடிகிற வரைக்கும் தண்ணீர் குடிக்க மாட்டார்கள். வாயை நனைத்துத் துப்புவார்கள், அவ்வளவுதான். உப்பளத்தில் ஒரு செடி கிடையாது, ஒரு மறைப்பு கிடையாது. குடித்தால் எங்கே போவார்கள்? பதினொரு மணிக்குள் வீட்டுக்குப் போய்விடலாம் என்றிருந்த காலத்தில் அப்படி அடக்கிப் பழகிவிட்டார்கள். காற்று தள்ளித் தள்ளிப் போனபோது அவர்கள் அடக்குகிற நேரமும் கூடிக்கொண்டே போனது. நான் நின்ற இடத்துக்குப் பின்னால் நாலு தென்னங்கீற்றை வைத்து ஒரு மறைப்புக் கட்ட எனக்கு அரை நாள் வேலை. அது பொம்பளைகள் விஷயம், நாம் பேசக் கூடாது என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

கத்திரி தொடங்கி நாலைந்து நாள் இருக்கும். மடைப்பலகையைச் சரி செய்யக் கடல் பக்கத்து வரப்புக்குப் போனேன். குனிந்து பலகையைத் தட்டிக்கொண்டிருந்தபோது பின்கழுத்தில் ஈரக்காற்று பட்டது. நிமிர்ந்தேன். கடல்காற்றுதான், சந்தேகமே இல்லை. அந்தப் பக்கத்துப் பாத்தியில் தண்ணீர் சுருக்கம் சுருக்கமாக ஆடியது. திரும்பிப் பார்த்தேன். தூரத்தில் அம்பாரம் வெள்ளையாக நின்றது. அதற்குப் பின்னால் என் துணி, துவைத்துக் காயப்போட்ட கோவணம் மாதிரி அசையாமல் தொங்கியது.

அப்போதே புரிந்துவிட்டது. அம்பாரம் காற்றை மறைக்கிறது. காற்று பலத்த பிறகுதான் துணிக்குத் தெரியப் போகிறது. அதற்கு முக்கால் மணியும் ஆகலாம், ஒரு மணி நேரமும் ஆகலாம்.

கத்த வேண்டியது இரண்டு சொல். கத்தவில்லை. வழக்கம் துணியைப் பார்ப்பதுதான், என் கழுத்தைப் பார்ப்பது இல்லையே என்று ஒரு நியாயம் மனதில் வந்தது. அது நியாயம் இல்லை என்பதும் கூடவே வந்தது. நான் வரப்பு வழியாகத் திரும்பி நடந்தேன். எவ்வளவு மெதுவாக நடந்தேன் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். அன்று மாலை முதலாளி போனில், பரவாயில்லையே, இன்றைக்கு நல்ல உப்பு என்றார். அடுத்த நாளும் அப்படியே விட்டேன். அதற்கு அடுத்த நாளும்.

பிள்ளைகளே, தப்பு செய்கிற நாளில் தப்பு செய்கிற மாதிரியே தோன்றாது. வழக்கப்படி நடக்கிற மாதிரிதான் தோன்றும்.

அது ஒரு வியாழக்கிழமை. மூன்று லாரி வந்து நின்றிருந்தது. என் கையில் கடிகாரம் இருந்தது. பன்னிரண்டு ஆனதைப் பார்த்தேன். அதற்கப்புறம் பார்க்கவில்லை. வரப்பெல்லாம் உப்பு பளபளத்து, கண்ணைத் திறந்து வைக்க முடியவில்லை. பேச்சு நின்றுபோய் எல்லோரும் கூடையும் நடையுமாக இருந்தார்கள். அஞ்சலை அம்பாரத்தின் மேலே ஏறிக் கூடையைக் கவிழ்த்துவிட்டு, இறங்காமல் அங்கேயே நின்றாள். உச்சியில் அவள் சேலை காற்றில் படபடத்தது.

"இன்னாண்ணா, மேல நின்னா என் முந்தானை பறக்குது. உன் துணி மட்டும் இன்னும் தூங்குது" என்றாள்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். லாரிக்காரர்களும் பார்த்தார்கள். ஒரு பெண் எல்லோர் முன்னாலும் என் கம்பு பொய் சொல்கிறது என்று சொல்லிவிட்டாள். அது உண்மை என்பது அவளுக்கும் எனக்கும் தெரியும். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"முந்தானை பறந்தா சினிமாவுக்கு ஆள் எடுப்பாங்க. உப்பளத்துல துணி திரும்பணும். இறங்கி வந்து கூடைய எடு" என்றேன்.

சிரித்தார்கள். ஆண்கள் சிரித்தார்கள், லாரிக்காரர்கள் சிரித்தார்கள். அஞ்சலையும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இறங்கி, சும்மாட்டைச் சரி செய்து, கூடையை எடுத்துக்கொண்டு பாத்திக்குப் போனாள். அந்தச் சிரிப்பு இந்த நிமிஷம் வரைக்கும் என் காதில் இருக்கிறது. அவள் என்னை எதிர்த்துச் சண்டை போட்டிருந்தால் இவ்வளவு உறுத்தாது.

அதற்கப்புறம் எத்தனை நடை நடந்தாள் என்று தெரியவில்லை. கூடையோடு வந்தவள் அம்பாரத்தின் அடியில் வழி தவறியவள் போல வேறு பக்கம் திரும்பினாள். யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டதற்கு, சம்பந்தம் இல்லாமல் ஏதோ சொன்னாள். கூடை முதலில் விழுந்தது, அப்புறம் அவள்.

எனக்கு முதலில் வந்த எண்ணம் என்ன தெரியுமா? நான் கேலி செய்ததற்குப் பதிலாக நடிக்கிறாள் என்று. உண்மையைச் சொல்வது என்று உட்கார்ந்த பிறகு அதை மறைத்துப் பயன் இல்லை. வலிப்பு என்று யாரோ சொன்னார்கள், இரும்புச் சாவியைக் கையில் திணித்தார்கள். நிழலில் உட்கார வையுங்கள், சரியாகிவிடும் என்று நான் சொன்னேன். நிழல் எங்கே இருக்கிறது? லாரி அடியில் படுக்க வைத்தார்கள். அவளைத் தொட்ட பெண் கையை உதறிவிட்டு, உடம்பு தோசைக்கல் மாதிரி கொதிக்கிறது என்றாள். சொட்டு வியர்வை இல்லை. குடத்தில் தண்ணீர் பாதிகூட இல்லை. நான் நின்றுகொண்டே இருந்தேன். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் எத்தனை மணி வரை வேலை என்று கேட்பார்கள் என்ற நினைப்பு என் காலைக் கட்டிவிட்டது.

கடைசியில் ஒரு லாரி டிரைவர்தான், "இன்னா மேஸ்திரி, பார்த்துட்டே நிக்கிற, தூக்குப்பா" என்று அதட்டி, பாதி ஏற்றின லாரியை அப்படியே எடுத்தார். குடத்துத் தண்ணீர் முழுவதையும் அவள் மேல் ஊற்றச் சொன்னவரும் அவர்தான். அவர் பெயரை நான் கேட்டுவைக்கவில்லை. நானும் ஏறிக்கொண்டேன், லாரி திரும்பும்போது ஜன்னல் வழியாகப் பார்த்தேன். துணி அப்போதுதான் மெதுவாகப் பிரிந்து மேற்கே திரும்பியது. ஒருத்தரும் அதைப் பார்த்துக்கொண்டு இல்லை.

மரக்காணத்தில் முதலுதவி செய்து புதுச்சேரிக்கு அனுப்பினார்கள். அங்கே இருந்த டாக்டர் இளவயசுக்காரர். ஏழுமலையும் வந்து சேர்ந்து என் பக்கத்தில் நின்றான். டாக்டர் என்னைத்தான் கேட்டார்.

"எத்தனை மணி வரைக்கும் வெயில்ல இருந்தாங்க?"

"பதினோரு மணிக்கெல்லாம் விட்டுட்டோம் சார்" என்றேன்.

அவர் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு ஏழுமலை பக்கம் திரும்பி, உங்கள் மனைவிக்கு இதற்கு முன் வலிப்பு வந்திருக்கிறதா, சர்க்கரை உண்டா, வேறு நோய் ஏதாவது மறைக்கிறீர்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். ஏழுமலை ஒவ்வொன்றுக்கும் இல்லைங்க, இல்லைங்க என்று கைகட்டிச் சொன்னான். நான் சொன்ன ஒரு பொய்யால் அவன் குற்றவாளி மாதிரி நின்றான். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. ஊரில் அதற்கப்புறம், அஞ்சலைக்கு உள்ளுக்குள் ஏற்கெனவே ஏதோ வியாதி இருந்திருக்கிறது என்று பேச்சு கிளம்பியது. முதலாளியும் அதையே பிடித்துக்கொண்டார். வெளியே வரும்போது ஏழுமலை என் கையைப் பிடித்து, "நீ தூக்கிட்டு வரலன்னா போயிருக்கும்ணா" என்று அழுதான்.

அவள் பிழைத்தாள். ஆனால் சிறுநீரகம் இரண்டும் கெட்டுப்போனது. ரொம்ப நாளாகவே தண்ணீர் இல்லாமல் வெந்துகொண்டிருந்திருக்கிறது, அன்றைக்கு மொத்தமாக விழுந்துவிட்டது என்று பிறகு தெரிந்தது. அவளால் திரும்பக் கூடை தூக்க முடியவில்லை.

இப்போது நீங்கள் கை தட்டிய விஷயத்துக்கு வருகிறேன்.

அடுத்த நாள் விடியுமுன், ஆட்கள் வருவதற்கு முன்னால் தனியாக உப்பளத்துக்குப் போனேன். சவுக்குக் கம்பைப் பிடுங்கினேன். கடல் பக்கத்து வரப்பில், எதுவும் மறைக்காத இடத்தில், இன்னும் நீளமான கம்பாகப் பார்த்து நட்டேன். பழைய குழியை மூடி, மேலே உப்பைத் தூவி, காலால் மிதித்துச் சமப்படுத்தினேன். அஞ்சலைக்காகச் செய்தேன் என்று நினைக்காதீர்கள். யாராவது வந்து கம்பு எங்கே இருந்தது என்று கேட்டால் காட்ட ஒன்றும் இருக்கக் கூடாது, அதற்காகத்தான். தடயத்தை மறைக்கப் போனவன் நான்.

ஐந்து மணிக்கு வந்தவர்கள் புதுக் கம்பைப் பார்த்தார்கள். என்னைப் பார்த்தார்கள். ஒரு வயசான ஆள், மேஸ்திரிக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை போல, நம்மை நினைத்து மாற்றிவிட்டார் என்றார். அதைக் கேட்டு ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இல்லை என்று சொல்லியிருக்கலாம். சும்மா இருந்தேன். அன்றிலிருந்து அது மேஸ்திரி கம்பு ஆனது. அந்த வருஷம் தேவகி பள்ளிக்கூடத்தில் அப்பாவைப் பற்றி எழுதச் சொன்னபோது அந்தக் கதையைத்தான் எழுதினாள். வீட்டுக்கு வந்து சத்தமாகப் படித்தும் காட்டினாள். 'என் அப்பா காற்றுக்கு வழி விட்டார்' என்று ஒரு வரி. நான் சாப்பாட்டில் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தேன். தேவகி, நீ அன்றைக்கு, ஏம்பா நல்லா இல்லையா என்று கேட்டாய். நல்லா இருக்குது என்று சொன்னேன்.

அஞ்சலையைப் பார்க்கப் போக எனக்கு நாலு மாதம் ஆனது. வாசலில் பனைஓலைத் தடுக்கில் உட்கார்ந்திருந்தாள். கால் வீங்கி, முகம் வெளுத்து, ஒரு டம்ளரில் அளந்து வைத்த தண்ணீர் பக்கத்தில் இருந்தது. முன்னே குடிக்கப் பயந்தவளுக்கு இப்போது குடிக்கவே அளவு. நான் வாழைப்பழச் சீப்பைக் கீழே வைத்தேன். அதையும் சாப்பிடக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருப்பதாகச் சொல்லிச் சிரித்தாள். கம்பை மாற்றிவிட்டேன் என்று சொன்னேன்.

"கேள்விப்பட்டேன். ஊரே பேசுதே, உன்னப் பத்தி" என்றாள்.

 பிறகு அவள் அம்மா சொன்ன ஒரு விஷயத்தைச் சொன்னாள். காற்றடித்தால் உப்பில் சேறு கலக்கும் என்பது பழைய மேஸ்திரி முதலாளிக்குக் கட்டிய கதையாம். லேசாக அலையடிக்கும், உப்புக்கு அதனால் ஒன்றும் ஆகாது. வெயில் தாங்காது, ஜனங்களைப் பதினொரு மணிக்கு விட்டுவிடுங்கள் என்று சொன்னால் முதலாளி கேட்க மாட்டார். மணியைக் காட்டினால் மணியோடு சண்டைக்கு வருவார். காற்றோடு யார் சண்டை போட முடியும்? அதற்காகத்தான் அவர் துணி கட்டினாராம். சுமக்கிற பெண்கள் எல்லோருக்கும் அது தெரியுமாம். அடுத்து மேஸ்திரியாக வந்த எனக்கு மட்டும்தான் தெரியவில்லை.

 அவர் ஜனங்களுக்காகக் கட்டின துணி. நான் அதை உப்புக்காகக் கட்டினது என்று நம்பி, இத்தனை வருஷமும் உப்பைக் காப்பாற்றிக்கொண்டிருந்தேன். காற்றே மாறிப்போன பிறகும் துணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

கிளம்பும்போது அவள் கேட்டாள். "கம்பை ஏன் மாத்தினேன்னு யார்கிட்டயாவது சொன்னியாண்ணா?"

இல்லை என்றேன்.

"சொல்லிடு. எனக்கு வியாதி இருந்துச்சுன்னு பேசுறாங்க. என் பொண்ணுக்கு நாளைக்கு மாப்பிள்ளை பார்க்கணும்" என்றாள்.

சொல்றேன் என்றேன். அவள் ஆறு வருஷம் இருந்தாள். அந்த ஆறு வருஷத்தில் எத்தனை கூட்டம், எத்தனை திருவிழா, எத்தனை டீக்கடை. சொல்லவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்றே போனது. அவளைச் சுடுகாட்டுக்குத் தூக்கிப் போன அன்றும் கூட்டத்தோடு நடந்துபோனேன், திரும்பி வந்தேன். அவள் மகளுக்குக் கல்யாணம் தள்ளித் தள்ளிப் போய் ரொம்ப நாள் கழித்துத்தான் நடந்தது. அதற்கு எவ்வளவு பங்கு என் வாய்க்கு என்று எனக்குத் தெரியாது. கொஞ்சமும் இல்லை என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆகவே இப்போது எழுதுகிறேன்: அஞ்சலைக்கு எந்த வியாதியும் இருந்ததில்லை. பதினொரு மணிக்கு விட வேண்டியவளை நான் ஒரு மணி தாண்டியும் சுமக்க வைத்தேன். காற்று வந்துவிட்டது என்று எனக்குத் தெரிந்தே வைத்தேன். இதை அவள் மகளுக்கும் ஒரு பிரதி எடுத்து நானே கொண்டுபோய்க் கொடுக்கப் போகிறேன். அவள் என்ன சொன்னாலும் கேட்டுக்கொண்டு வருவேன்.

இப்போது பேப்பரில் படிக்கிறேன், டி.வி.யில் பார்க்கிறேன். பூமி சூடாகிறது, கடல் சூடாகிறது, மழை காலம் தவறுகிறது என்கிறார்கள். அதை நாம் உப்பளத்தில் நின்று தடுக்க முடியாது. ஆனால் ஒவ்வொரு நாளும் வந்து இறங்குகிற அந்தச் சூட்டை யார் தலையில், எவ்வளவு நேரம் வைப்பது என்று முடிவு செய்கிறவர் மேஸ்திரிதான். அதை டெல்லியில் முடிவு செய்வதில்லை. முதலாளிகூட முடிவு செய்வதில்லை, அவர் போனில்தான் இருக்கிறார். வரப்பில் நிற்கிறவர் நீங்கள்.

போன மாதம் தேவகியைப் பார்க்க உப்பளத்துக்கு வந்தேன். மணி பன்னிரண்டேகால். கடல் பக்கத்து வரப்பில் என் கம்பு நின்றது, கயிறு சுற்றி, மஞ்சள் பூசி, சாமி மாதிரி வைத்திருக்கிறீர்கள். துணி தொங்கிக்கொண்டிருந்தது. இந்தத் தடவை எதுவும் மறைக்கவில்லை. காற்றே இன்னும் வரவில்லை. பெண்கள் கூடையோடு நடந்துகொண்டிருந்தார்கள். தேவகி துணியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் நின்ற விதம் நான் நின்ற விதம்தான்.  அவளை ஒன்றும் கேட்காமல் வீட்டுக்கு வந்து இந்த நோட்டை எடுத்தேன்.

அந்தக் கம்பைப் பிடுங்கிவிடுங்கள். மஞ்சள் பூசியிருக்கிறதே என்று தயங்க வேண்டாம். நாலு கீற்று வாங்கி முதலில் பெண்களுக்கு ஒரு மறைப்புக் கட்டுங்கள், குடத்தை அதன் பக்கத்தில் நிரப்பி வையுங்கள். கடிகாரம் பாருங்கள். கடிகாரத்துக்கும் மேலே, கூடை தூக்குகிறவர் முகத்தைப் பாருங்கள். அவர்களில் யாராவது ஒருத்தி அம்பாரத்தின் மேல் நின்று, கேலியாகவோ சிரித்துக்கொண்டோ, போதும் என்று அர்த்தம் வருகிற மாதிரி எதையாவது சொல்வாள். கட்டாயம் சொல்வாள். அந்த நேரத்தில் பத்துப் பேர் உங்களைப் பார்ப்பார்கள், உங்கள் வாயில் ஒரு நல்ல பதிலும் வரும்.

அந்தப் பதிலை விழுங்கிவிட்டு, கரை ஏறு என்று சொல்லுங்கள்.